ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை?

மெல்பர்னில் வாடகைக்கு வீடு தேடுபவர் மறக்காமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை? வீட்டு விளம்பரங்களும் படுக்கையறைகளின் எண்ணிக்கையைச் சொன்ன கையோடு அதைச் சொல்லிவிடும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகரான இந்த ஊரில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் புறநகர்வாசிகள். ஸ்டேஷனுக்கு எட்டு நிமிடம் நடக்கிற குடும்பமும் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற குடும்பமும் பெயருக்குத்தான் ஒரே ஊர்க்காரர்கள். முதல் வீட்டில் ஒரு கார் இருந்தால் போதும். இரண்டாவது வீட்டில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கார் தேவைப்படுகிறது.

இந்த வேறுபாடு நேற்று இன்று வந்ததல்ல. 1851-இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1854 செப்டம்பர் 12 அன்று, ஃப்ளிண்டர்ஸ் தெருவிலிருந்து துறைமுகம் இருந்த சாண்ட்ரிட்ஜுக்கு ஆஸ்திரேலியாவின் முதல் நீராவி ரயில் ஓடியது. 1880-களில் நில வியாபாரம் சூடு பிடித்தது. வெறும் மேய்ச்சல் நிலத்தை மனை பிரித்து, ரயில் வரப்போகிறது என்று சொல்லி விற்றார்கள். 1884-இல் நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் ஏராளமான புதிய பாதைகளுக்கு அனுமதி கொடுத்தது. எட்டுத் திசையிலும் கை நீட்டியதால் அதற்கு ‘ஆக்டோபஸ் சட்டம்’ என்றே பெயர் வந்துவிட்டது. போட்ட பாதையெல்லாம் பலிக்கவில்லை. கிழக்குப் பக்கம் சுற்றிவந்த ‘அவுட்டர் சர்க்கிள்’ பாதையில் ரயில் ஓடியது, ஏறத்தான் ஆள் இல்லை. சில ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி மூடப்பட்டது. இன்று அந்தத் தடத்தில் ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

பலித்த பாதைகளோ ஊரின் உருவத்தையே தீர்மானித்தன. 1919 முதல் புறநகர் ரயில்கள் மின்சாரத்துக்கு மாறின. இன்று மின்சார ரயில் ஓடும் தடங்களில் பெரும்பாலானவை 1930-க்கு முன்பே போடப்பட்டுவிட்டவை. பழைய புறநகர் ஒன்றில் இறங்கிப் பார்த்தால் அதன் அமைப்பு சட்டென்று பிடிபடும். ஸ்டேஷன் வாசலை ஒட்டி ஒரு கடைத்தெரு இருக்கும். ரொட்டிக் கடை, மருந்துக் கடை, காப்பிக் கடை, தபால் அலுவலகம் எல்லாம் அதில் தோளோடு தோள் நிற்கும். மாலையில் ரயிலை விட்டு இறங்குகிறவர் பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்கு நடந்துவிடலாம்.

ரயில் எட்டாத இடைவெளிகளில் டிராம் ஓடியது. 1885-இல் தொடங்கியது கம்பிவட டிராம். தெருவின் நடுவே தரைக்கு அடியில் ஓயாமல் ஓடும் இரும்புக் கயிற்றை வண்டி கவ்விப்பிடித்து நகரும். கடைசிக் கம்பிவட டிராம் 1940-இல் நின்றது. அதற்குள் மின்சார டிராம் ஊரெங்கும் பரவியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகின் பல நகரங்கள் காருக்கு வழிவிட்டு டிராம் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்தன. சிட்னி 1961-இல் கடைசி டிராமை நிறுத்தியது. மெல்பர்னில் அப்படி நடக்காததற்கு முக்கியக் காரணம், 1949 முதல் 1970 வரை டிராம் வாரியத் தலைவராக இருந்த ராபர்ட் ரிசன். தண்டவாளங்களைக் கான்கிரீட்டில் புதைத்துப் போட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். புதைத்ததைப் பெயர்க்கச் செலவு அதிகம் என்பதால், டிராமை ஒழிக்க நினைத்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். அந்தப் பிடிவாதத்தால்தான் இன்று சுமார் 250 கிலோமீட்டர் நீளமுள்ள, உலகிலேயே மிகப் பெரிய டிராம் வலையமைப்பு அந்த ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

டிராமோடு வாழ்வதற்கென்று சாலை விதிகளும் தனியாக உண்டு. ஆஸ்திரேலியாவில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. வலப்பக்கம் திரும்புகிறவர் வழக்கமாக நடுச்சாலையில் காத்திருப்பார். நகர மையத்தின் பல சந்திப்புகளில் அது கூடாது, ஏனென்றால் நடுவில் டிராம் வரும். அங்கே வலது திரும்ப வேண்டியவர் இடது ஓரமாகவே சந்திப்புக்குள் நுழைந்து நிற்க வேண்டும். அவர் பின்னால் வந்த வண்டிகளெல்லாம் நேராகப் போகும், டிராம் மணியடித்துக்கொண்டு கடக்கும். குறுக்குத் தெருவுக்குப் பச்சை விழும் கணத்தில் அவர் வலதுபுறம் வளைந்து போக வேண்டும். ‘ஹூக் டர்ன்’ என்று இதற்குப் பெயர். புதிதாக வந்தவர்களுக்கு முதல் தடவை உள்ளங்கை வேர்த்துவிடும். அதே மாதிரி, தனி மேடை இல்லாத நிறுத்தத்தில் டிராம் நின்றால் பின்னால் வரும் கார்கள் நின்றே ஆகவேண்டும், இறங்குகிறவர் சாலையில்தான் கால் வைப்பார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வளர்ந்த மெல்பர்ன் வேறு. 1948-இல் ஆஸ்திரேலியாவிலேயே தயாரான முதல் ஹோல்டன் கார் வந்தது. கால் ஏக்கர் மனையில் தனி வீடு, முன்னால் புல்வெளி, பின்னால் தோட்டம், நடுவில் சுழலும் துணிக்கொடி என்பதுதான் அன்றைய ஆசை. கார் இருந்ததால் ஸ்டேஷனை நம்பி மனை வாங்க வேண்டியிருக்கவில்லை. 1960-இல் திறந்த சாட்ஸ்டன் வணிக வளாகம் அந்தக் காலத்துக்கு நல்ல சாட்சி. ஸ்டேஷன் வாசலில் அல்லாமல் பெரிய கார் நிறுத்துமிடத்துக்கு நடுவே அதைக் கட்டினார்கள். கிழக்கில் உள்ள டான்காஸ்டருக்குப் பல பத்தாண்டுகளாக ரயில் பேசப்பட்டது. 1977-இல் திறந்த கிழக்கு நெடுஞ்சாலையின் நடுவே தண்டவாளத்துக்கென்று இடமும் விட்டிருந்தார்கள். 1980-களில் பாதைக்காக ஒதுக்கிய நிலத்தை அரசு விற்றுவிட்டது. டான்காஸ்டர் மக்கள் இன்றும் பேருந்தில்தான் நகரத்துக்குப் போகிறார்கள். நினைத்துப் பார்த்தால் இது கையில் இருந்ததை நழுவவிட்ட கதைதான்.

இந்தப் புறநகரங்களில் நாள்கள் ஒரே ஒழுங்கில் நகர்கின்றன. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே உள்ள புல்பட்டை நகராட்சிக்குச் சொந்தம், அதை வெட்டி வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வாரத்தில் ஓர் இரவு சக்கரம் வைத்த குப்பைத் தொட்டிகளை உருட்டிவந்து தெரு ஓரத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். பொதுக் குப்பைக்குச் சிவப்பு மூடி, மறுசுழற்சிக்கு மஞ்சள், தோட்டக் கழிவுக்கும் உணவுக் கழிவுக்கும் பச்சை. மறந்து தூங்கிவிட்டால் அடுத்த முறை வண்டி வரும் வரை தொட்டி நிரம்பி வழியும்.

இந்தப் புறநகரங்களின் போக்குவரத்தில் பேருந்துதான் பலவீனமான கண்ணி. மைக்கி என்ற பயண அட்டையைத் தொட்டுப் பயணத்தைத் தொடங்கினால் இரண்டு மணி நேரம் வரை ரயில், டிராம், பேருந்து மூன்றிலும் அதே கட்டணத்தில் மாறி மாறிப் போகலாம். கட்டணம் இணைந்துவிட்டது, நேரம் இணையவில்லை. ஸ்டேஷனில் ரயில் 6.12-க்கு நிற்கிறது, இணைப்புப் பேருந்து 6.09-க்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது 6.49-க்கு என்று கம்பத்தில் ஒட்டிய அட்டவணை சொல்கிறது. ஜூலை மாதக் குளிரில், இருட்டில், கையில் பையோடு 37 நிமிடம் நிற்க வேண்டும். இரண்டு முறை அப்படி நின்றவர் மூன்றாவது முறை ஸ்டேஷனுக்கே காரை எடுத்துவருகிறார். அதனால்தான் காலை ஏழரை மணிக்கு மேல் வெளிப்புற ஸ்டேஷன்களில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது.

மெல்பர்ன் தமிழர்களுக்கு இந்தத் தூரம் வார இறுதியில்தான் நன்றாக உறைக்கும். தென்கிழக்கில் காரம் டவுன்ஸில் உள்ள சிவா விஷ்ணு கோவில் அவர்கள் கூடும் பெரிய இடங்களில் ஒன்று. அந்தப் புறநகரில் ரயில் நிலையம் இல்லை. கார் ஓட்டாத முதியவர்கள் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கும் நாளாகப் பார்த்துத்தான் சாமி கும்பிடப் போக முடிகிறது.

பழைய பாதைகளைச் சீர்செய்யும் வேலை 2015-க்குப் பிறகு வேகம் பிடித்தது. சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் வெட்டிக்கொள்ளும் லெவல் கிராசிங்குகளை ஒவ்வொன்றாக நீக்கிவருகிறார்கள், 2030-க்குள் 110 என்பது இலக்கு. கிளேட்டனில் காலை நேரத்தில் கேட் மூடியே கிடக்கும். பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை இருந்தும் ஆம்புலன்ஸ் வரிசையில் நின்றதுண்டு. 2018-இல் அங்கே தண்டவாளத்தைத் தூண்கள் மேல் தூக்கிவிட்டார்கள். முன்பு வேலி போட்டிருந்த இடத்தில் இப்போது நடைபாதையும் சைக்கிள் பாதையும் ஓடுகின்றன. 2025-இன் இறுதியில் மெட்ரோ சுரங்கப் பாதை திறந்தது. நகர மையத்துக்கு அடியில் 9 கிலோமீட்டர், ஐந்து புதிய நிலையங்கள். பார்க்வில் பகுதியின் பெரிய மருத்துவமனைகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அன்றுதான் முதன்முதலாக வாசலில் ரயில் வந்தது.

மெல்பர்ன் ரயில்கள் ஏறக்குறைய எல்லாமே நகர மையத்தை நோக்கி ஓடுபவை. ஒரு புறநகரிலிருந்து பக்கத்துப் புறநகருக்குப் போக, மையம் வரை போய்த் திரும்புவது பலருக்கு வாடிக்கை. அதை மாற்றத்தான் செல்டன்ஹாமிலிருந்து பாக்ஸ் ஹில் வரை 26 கிலோமீட்டர் சுற்றுப் பாதையின் முதல் பகுதி தரைக்கு அடியில் உருவாகிவருகிறது. அதில் ரயில் ஓட 2035 ஆகும். அதன் ஆறு நிலையங்களில் ஒன்று மொனாஷ் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் வருகிறது. 1961-இல் வகுப்புகள் தொடங்கிய அந்த வளாகத்துக்கு இன்றுவரை ரயில் இல்லை. மாணவர்கள் ஹண்டிங்டேல் ஸ்டேஷனில் இறங்கி 601-ஆம் எண் பேருந்தில் ஏறுகிறார்கள். வகுப்பு நாள்களில் அது சில நிமிடங்களுக்கு ஒன்று வருவதால் யாரும் அட்டவணை பார்ப்பதில்லை.