வேலி பயிரை மேய்கிறது!

திருடன் வந்தால் பிடிக்கத்தான் காவற்காரன். அந்தக் காவற்காரனே நள்ளிரவில் எழுந்து வீட்டுக்காரன் மார்பில் ஈட்டியைப் பாய்ச்சினால்?

கதையல்ல, தோழர்களே! உடலுக்குள்ளே நடப்பது. மிகச் சிலருக்கே வரும் நோய். வந்தவரை எளிதில் விடாத நோய். பெயரைச் சொன்னால் நாக்குச் சுளுக்கும், பொறுத்தருள்க: கிரானுலோமட்டோசிஸ் வித் பாலியாஞ்சைட்டிஸ். சிறு இரத்தக் குழாய்கள் அழன்று புண்ணாகும் நோய்.

முன்பெல்லாம் இதை வெக்னர் நோய் என்றே அழைத்தனர். 1930களில் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஃபிரீடரிக் வெக்னரின் பெயர் அது. அவரோ இட்லரின் நாஜிக் கட்சிக்காரர். பழுப்புச் சட்டைப் படையிலும் இருந்தவர்! உண்மை வெளிப்பட்டபின், 2011இல் மருத்துவச் சங்கங்கள் அந்தப் பெயரைக் கழற்றி எறிந்தன. நோயோடு போராடுபவன் இனவெறியன் பெயரையும் சுமக்க வேண்டுமா என்ன?

சரி, குழாயைப் புண்ணாக்குவது யார்? கிருமியா? இல்லை. நம் குருதியில் ஓடும் வெள்ளை அணுக்களே! அவற்றிலே பாதிக்கு மேல் நியூட்ரோபில் என்னும் சிப்பாய்கள். ஒவ்வொரு சிப்பாயிடமும் சிறுசிறு பைகள். பைகளுக்குள் புரதத்தை அரித்துத் தின்னும் நொதிகள். கிருமியைக் கண்டால் அவிழ்க்க வேண்டிய பை அது.

இந்நோயிலே, கிருமியைத் தாக்க எதிர்ப்பொருள் செய்யவேண்டிய அணுக்கள், சிப்பாயின் ஆயுதத்தையே, புரோட்டினேஸ் 3 என்னும் நொதியையே, பகையென்று கொள்கின்றன. அதற்கெதிராகச் செய்த பொருள் சிப்பாய்மேல் ஒட்டியதுதான் தாமதம், போர் முரசு கேட்டவன்போல் வெறிகொள்கிறான் அவன். எதிரே பகைவன் இல்லை. நிற்குமிடம் இரத்தக் குழாயின் சுவர். அங்கேயே பையை அவிழ்க்கிறான்! சுவர் அரிபடுகிறது, குருதி கசிகிறது. போதாக்குறைக்குத் தன் மரபுப்பொருளையே வலையாக வீசிவிட்டுச் சாகிறான். அந்த வலையிலும் அதே நொதி!

மூக்கிலே தொடங்கினால் மாதக்கணக்கில் அடைப்பு, குருதி தோய்ந்த பொருக்கு. பட்டறைத் தூசு என்று விட்டுவிடுவோம். நாளடைவில் மூக்குத் தண்டே சரிந்து குதிரைச் சேணம்போல் பள்ளமாகலாம். நுரையீரலில் புகுந்தால் இருமலிலே குருதி. சிறுநீரகத்தில்தான் பெருங்கேடு. குருதியை வடிகட்டும் நுண்குழாய்கள் கிழிகின்றன, வலியே இராது! வாரக்கணக்கிலே சிறுநீரகம் செயலிழக்கலாம். மருந்தில்லாத காலத்துக் கணக்கொன்று 1958இல் வெளிவந்தது: 100க்கு 82 பேர் ஓராண்டுக்குள் மடிந்தனர், சராசரியாக வாழ்ந்தது 5 மாதம்.

1970களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து அந்தக் கணக்கைத் திருத்தியது. போர்க்கள நச்சுப்பொருளின் வழித்தோன்றல்தான் அதுவும்! 2011இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற ரிட்டுக்சிமாப் வேறு வழியில் செல்கிறது. அது சிப்பாயைத் தொடுவதில்லை. தவறான கட்டளை பிறக்கும் பி அணுக்களை ஒழிக்கிறது. ஆனால் காவல் குறைந்தால் மெய்யான கிருமி உள்ளே நுழையும். ஆகவே மருத்துவர் கண்காணிப்பு கட்டாயம்.

அரிபட்டு வடுவாகிப்போன சிறுநீரகத்தை எந்த மருந்தும் மீட்பதில்லை. ஆறாத மூக்குப் புண்ணோடு காய்ச்சலும் மூட்டுவலியும் உடல் இளைப்பும் சேர்ந்தால், மருத்துவமனையிலே சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். குருதியும் புரதமும் கசிகின்றனவா என்று காட்டிவிட ஒரு குப்பி போதும். அந்த எதிர்ப்பொருளையே தேடும் இரத்தச் சோதனைக்கு 'ஆன்கா' என்று பெயர்.