தங்கவயலிலிருந்து கடற்கரைக்கு: சிறுபிள்ளைகளோடு ஒரு கோடைப்பயணம்



கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நீர்நிலை என்றால் பேத்தமங்கலம் ஏரிதான். கடலைப் படத்தில் மட்டுமே கண்ட பிள்ளைகள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், நம்மில் பலர் விடியற்காலையில் மாரிகுப்பம் இரயிலேறி பெங்களூரில் உழைத்து, இரவில் திரும்புகிறோம். விழித்திருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதே பலருக்கு ஞாயிறன்றுதான். ஆகவே கோடை விடுமுறையில் ஆறு நாட்களைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குவது வீண்செலவன்று. அந்த ஆறு நாட்களும் பாதுகாப்பாய் அமைய, முன்கூட்டியே திட்டமிடுதல் அவசியம்.

எப்பொழுது புறப்படுவது?

கர்நாடகப் பள்ளிகளுக்கு ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறை. மே மாதத் தொடக்கத்திலேயே கத்திரி வெயில் ஆரம்பித்துவிடும். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே இருப்பதால், நம் பிள்ளைகளின் உடல் சமவெளியின் புழுக்கத்திற்குப் பழகியதன்று. எனவே ஏப்ரல் நடுவில் செல்வது நலம். சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடைபெறும் நாட்களையும் விசாரித்துக்கொண்டு தேதியை முடிவுசெய்யுங்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. ஆகவே மீன் விலை ஏறியிருக்கும். சிறு படகுகள் கொண்டுவரும் மீனே கிடைக்கும். துறைமுகங்களில் வரிசையாய் ஓய்வெடுக்கும் படகுகளைக் காட்டி, கடலுக்கும் ஓய்வு உண்டென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எந்த வழி?

பேத்தமங்கலம், வி.கோட்டா வழியாகச் சென்று, மலைப்பாதையில் இறங்கினால் பேர்ணாம்பட்டு. அங்கிருந்து குடியாத்தம், வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு கடந்து மாமல்லபுரம். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். சுரங்க வேலைக்காக வட ஆற்காட்டிலிருந்து நம் முன்னோர் பலர் இப்பக்கமிருந்துதான் மேலேறி வந்தார்கள். தாத்தா, பாட்டி உடன் வந்தால், எந்த ஊர் எவருடைய ஊர் என்று வழியெல்லாம் சொல்லச்சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த கதை வேறில்லை.

இவ்வழி கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என மூன்று மாநிலங்களைத் தொடுகிறது. வாடகை வாகனமானால், அதன் பர்மிட் மூன்றிலும் செல்லுமா என்பதை முன்பணம் கொடுக்குமுன் கேளுங்கள். வெள்ளை நம்பர் பலகை உள்ள சொந்த வாகனத்தை வாடகைக்கு அமர்த்தாதீர்கள். அது சட்டத்திற்குப் புறம்பானது; விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் சிக்கலாகும்.

மலைவளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வருவதுண்டு. புறப்படுமுன் வயிறு நிறைய உண்ணக் கொடாமல், இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். கைப்பேசியைப் பார்க்கவிடாமல், தூரத்து மலையைப் பார்க்கச்செய்யுங்கள்.

மடியில் அமர்த்தலாமா?

பிள்ளையை மடியில் வைத்து முன்னிருக்கையில் அமர்வது நம்மிடையே வழக்கம். அதுவே மிகுந்த ஆபத்து. திடீரென்று வண்டி நின்றால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த இயலாது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றிப் பயணித்தால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்திற்காக அல்ல, பிள்ளைக்காக இதைச் செய்யுங்கள். நிறுத்திய வாகனத்துக்குள் பிள்ளையை ஐந்து நிமிடமும் தனியே விடாதீர்கள். மூடிய வண்டி வெயிலில் அடுப்பாகிவிடும்.

ஆறு நாள் திட்டம்

முதல் நாள் அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு மாமல்லபுரம் சேருங்கள். இரண்டாம் நாள், பல்லவர் காலத்துச் சிற்பிகள் உளியால் குடைந்த பாறைகளைக் காட்டுங்கள். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழத்தில் பாறை உடைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதன் அருமை எளிதில் விளங்கும். அருகே வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை.

மூன்றாம் நாள் சுமார் 100 கிலோமீட்டரில் புதுச்சேரி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உடனிருந்தால் இங்கேயே இரண்டு இரவு தங்கித் திரும்புங்கள்.

மற்றவர்கள் நான்காம் நாள் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில், சுரபுன்னைக் காடுகளினூடே படகில் செல்லலாம். உயிர்காப்பு அங்கி பிள்ளையின் அளவுக்குக் கிடைத்தால் மாத்திரம் ஏறுங்கள். மாலையில் தரங்கம்பாடி. 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கு இங்கேதான் வந்திறங்கினார். பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்று சொல்லுவார்கள். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் இங்கே தமிழில் அச்சாகி வெளிவந்தது. 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் கல்லறை உள்ளது. நம் வீட்டு வேதாகமம் எந்த ஊரிலிருந்து தன் பயணத்தைத் தொடங்கியது என்பதைப் பிள்ளைகள் அங்கே கண்டறியட்டும். அதே மணலில் தங்கள் பெயரையும் தமிழில் எழுதட்டும். கன்னடமும் ஆங்கிலமும் மட்டுமே எழுதும் பிள்ளைகளுக்கு அது நல்ல தொடக்கமாகும்.

திரும்புகையில் ஒரே நாளில் வீடு சேர முயலாதீர்கள். ஐந்தாம் நாள் விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக வந்து வேலூரில் தங்கி, ஆறாம் நாள் மலையேறுங்கள். தூக்கமில்லாத ஓட்டுநர் குடிபோதையில் ஓட்டுபவருக்கு ஒப்பானவர்.

கடலில் எச்சரிக்கை

பெற்றோரே, இப்பகுதியைத் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள். கரைக்கு அடித்து வரும் அலைநீர் அனைத்தும் மீண்டும் கடலுக்குத் திரும்பவேண்டும். அது ஓரிடத்தில் ஒன்றுகூடி, வாய்க்காலைப்போல உள்நோக்கிப் பாயும். இருபுறமும் அலை உடைய, நடுவே மட்டும் அமைதியாய்க் காணப்படும் இடமே அநேகமாய் அந்த இழுப்பு. பார்ப்பதற்குப் பிள்ளைகள் இறங்கத் தகுந்த இடம்போலத் தோன்றும். நீரில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்து, கரைக்கு இணையாக நீந்தி விலகவேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்கவேண்டும்.

காற்றோ மழையோ இல்லாத நாளிலும் தொலைதூரப் புயலால் பேரலை எழுவதுண்டு. அதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம், அவ்வித எச்சரிக்கை இருந்த வேளையில், கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் மாண்டனர். வளர்ந்தவர்களுக்கே இப்படியென்றால் பிள்ளைகளைக் குறித்து என்ன சொல்வது?

ஆகவே பிள்ளைகள் கணுக்கால் நீரோடு நிற்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கையெட்டும் தூரத்தில். காற்றடைத்த வளையத்தை நம்பாதீர்கள். உள்ளூர் மீனவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான்.

வெயிலும் உடல்நலமும்

காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் மாத்திரம் வெளியே செல்லுங்கள். இளநீர், மோர், தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறிப்பிட்ட அளவுத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடாகா. பிள்ளை சோர்ந்து, சிறுநீர் கழியாமல் இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

புறப்படுமுன் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். 108, 112, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களை உடன் வருகிற எல்லாரும் அறிந்திருக்கட்டும். பிள்ளைகள் ஊர்களின் பெயரை மறந்துவிடலாம். அப்பா ஆறு நாட்கள் தங்கள் கையைப் பிடித்து நடந்ததை மறக்கமாட்டார்கள்.