குப்பத்தின் குரல்: அன்றும் இன்றும்

பழவேற்காட்டு ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்பதை அன்று ஊரே தீர்மானித்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் கூடிச் சீட்டுப் போடும். மீன்பிடி இடங்கள் முறைவைத்துப் பங்காகும். இதுதான் 'பாடு'. நல்ல இடம் ஒரே ஆளிடம் தங்காது. வலை பெரிது, படகு பெரிது என்று யாரும் ஏரியை வளைத்துக்கொள்ளவும் முடியாது. இருளருக்கும் தலித் மீனவருக்கும் அந்தச் சீட்டில் இடமில்லாதது அதன் பெருங்குறை. ஆனாலும் தண்ணீரைப் பற்றிய முடிவு தண்ணீரில் இறங்குகிறவர் கையில் இருந்தது.

அதே கடற்கரைச் சமூகத்திலிருந்து நாட்டின் அரசியலுக்கு வந்தவர் ம.சிங்காரவேலர். 1860 பிப்ரவரி 18 அன்று சென்னையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். வக்கீலாக நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், ஒத்துழையாமை இயக்கம் அழைத்தபோது வக்கீல் அங்கியைத் தீயிலிட்டார். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் இருந்தார். 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்றபோது அவருக்கு வயது 68. தெருவில் போராடியவரே மன்றத்திலும் உட்கார்ந்தார்; அந்த இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய பலம்.

இன்று? கட்டுமரம் போய் ஃபைபர் படகும் இன்ஜினும் வந்துவிட்டன. பாடு முறை இன்னும் இருக்கிறது. ஆனால் ஏரியின் தலையெழுத்தை எழுதுவது பாடு அல்ல. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. முகத்துவாரம் மணல் மூடினால் ஏரிக்குள் மீனும் இறாலும் வருவது குறைகிறது. படகும் கடலுக்குப் போக வழியின்றித் தவிக்கிறது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 கோடி டன்னாக இருக்கும் அதன் கொள்ளளவை 32 கோடி டன்னாக்க, 6,000 ஏக்கருக்கு மேல் கேட்கிறது விரிவாக்கத் திட்டம். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. குப்பத்துப் பெண்களும் ஆண்களும் தொடர்ந்து எதிர்த்து நிற்கிறார்கள். போராட்டத்துக்கு அன்றும் இன்றும் குறைவில்லை.

குறைவது மன்றத்தில் இருக்க வேண்டிய குரல். பழவேற்காடு அடங்கிய பொன்னேரி சட்டமன்றத் தொகுதியும் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். பட்டினவர் உள்ளிட்ட மீனவர் தமிழகத்தில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் குப்பத்துப் பட்டினவர் தம் சொந்த ஊர்த் தொகுதியில் வேட்பாளராக நிற்கவே முடியாது. தனித்தொகுதி நியாயமான உரிமை; அதைத் தொடக் கூடாது. ஒரு நியாயத்தைப் பறித்து இன்னொரு நியாயம் செய்ய வேண்டியதும் இல்லை. வேறு கதவுகள் திறந்தே இருக்கின்றன.

மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள் உண்டு. அவற்றுக்குத் தொகுதி எல்லை கிடையாது. மேடைதோறும் சிங்காரவேலர் பெயரைச் சொல்லும் கட்சிகள் அவற்றில் ஒன்றையாவது கடலோரக் குப்பங்களுக்கு ஒதுக்கட்டும். ஏரியையும் கடலையும் தொடும் எந்தத் திட்டமும் பட்டினவர், இருளர், தலித் மீனவர் எல்லோரும் சமமாக உட்கார்ந்த ஊர்க்கூட்டத்தின் ஒப்புதலுக்குப் பிறகே நகரட்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் வாங்காமல் அனுப்பாதீர்கள்.