அடிஷமும் மீரியபெத்தையும்

கொழும்பிலிருந்து வரும் பாதை பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. மேலே ஏறினால் ஹப்புத்தளை. கீழே இறங்கினால் கொஸ்லந்தை. மேலே ஒரு பங்களா காப்பாற்றப்பட்டு நிற்கிறது. கீழே தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போய்விட்டன.

ஹப்புத்தளைக்கு அருகே, தங்கமலைக் காட்டையொட்டி நிற்கும் அந்தப் பங்களாவின் பெயர் அடிஷம். கட்டியவர் சர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசலின் பேரன். 1887இல் தோட்டத்துச் சின்னதொரையாகத் தொழில் பழக இலங்கைக்கு வந்தவர், பிறகு தோட்டங்களைக் கொழும்பிலிருந்து நிர்வகித்த ஜோர்ஜ் ஸ்டூவர்ட் ஏஜென்சி கம்பனியின் தலைவரானார். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் தாம் பிறந்த கிராமத்தின் பெயரையே 1931இல் கட்டி முடித்த இந்த வீட்டுக்கு வைத்தார்.

கருங்கல் சுவர், பர்மாத் தேக்குப் பலகை வேய்ந்த கூரை, உயர்ந்த புகைபோக்கிகள், ரோஜாத் தோட்டம் என எல்லாமே ஆங்கிலப் பிரபுவின் நாட்டுப்புற மாளிகையைப் போல அமைந்தன. வில்லியர்ஸ் இங்கிலாந்து திரும்பியபின் வீடு கைமாறியது. 1960களின் தொடக்கத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகளிடம் வந்து மடமானது. அவர்கள் பழைய நூலகத்தையும் வரவேற்பறையையும் கலைக்காமல் காத்து வருகிறார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தக் காலத்துப் பங்களாக்களின் செல்வம் தேயிலைக் கொழுந்துக் கூடையிலிருந்து வந்தது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த சனம், விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து மலையேறியது. ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அவ்வளவே. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1990களில் கம்பனிகளின் கைக்குப் போயின. காம்பராவின் சொந்தக்காரர் மட்டும் எந்தக் காலத்திலும் அதில் குடியிருந்தவர் அல்லர்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்களும் கோயிலும் புதைந்தன. பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அது ஆபத்தான இடமென்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆனால் வேறு இடத்தில் காணியோ வீடோ கொடுக்காமல் ‘போ’ என்றால் சனம் எங்கே போகும்? தப்பியவர்களுக்குப் புது வீடு கிடைக்க 2016 ஆனது.

அடிஷத்தைக் கட்டியவர் யார், எந்த ஆண்டு கட்டினார் என்பதைப் பயணிகள் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். மீரியபெத்தையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் கதையும் அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டும். பேர்ப் பதிவேடுகளும் முதியவர்களின் நினைவும் அழியுமுன் திரட்டப்பட வேண்டும். அதைவிட அவசரமானது, சரிவுகளில் இன்னும் லயங்களில் குடியிருப்போருக்குப் பாதுகாப்பான இடத்தில் காணி உறுதியோடு வீடு. அதை வழங்கும் பொறுப்பு அரசுக்கும் கம்பனிகளுக்கும் உண்டு.