தெளிந்தது நீர்! கசடு எங்கே?

ஒரகடத்தில் கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கிக் கொண்டிருந்தேன். ஆலைச் சீருடையோடு நின்ற இளைஞர் ஒருவர் நெருங்கி வந்து, காதோடு காதாகக் கேட்டார்:

“அண்ணே, எங்க பேட்டைக்குக் குழாயிலே வர்ற தண்ணி, மெட்ராஸ் சாக்கடைத் தண்ணியாமே, மெய்தானா?”

“மெய்தான் தம்பி” என்றேன்.

“சே!” என்றார். முகம் சுளித்தது. இரண்டடி பின்வாங்கியும் நின்றார், நானே அந்தச் சாக்கடை என்பதுபோல!

அந்தச் ‘சே’ இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும்.

2019ஆம் ஆண்டுக் கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் — தலைநகருக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் ஜூன் திங்களில் வெடித்து வறண்டு கிடந்தன. நள்ளிரவிலும் குடத்தோடு லாரிக்காகக் காத்து நின்றனர் தாய்மார்கள். அதே ஆண்டு நவம்பரில், சென்னைக் குடிநீர் வாரியத்தின் புது நிலையமொன்று கோயம்பேட்டில் தொடங்கி வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் நீர் தர வல்லது அது. நகரத்தின் கழிவு நீரைத் தூய்மை செய்து, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குப் பல கல் தொலைவு குழாய் வழியே அனுப்புவதற்கென்றே அமைந்த நிலையம்.

ஏன் இந்த ஏற்பாடு? ஆலை ஒரு லிட்டர் கழிவு நீரை ஏற்றுக்கொண்டால், ஒரு லிட்டர் ஏரி நீர் மனிதனுக்கு மிஞ்சும். எளிய கணக்கு, நல்ல கணக்கு!

“சாக்கடை எப்படி ஐயா நீராகும்?” என்பீர்கள். நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். ஆனால், அறிந்தவரிடம் கேட்கவும், கேட்டதைச் சொல்லவும் கூச்சப்படாதவன். கேளுங்கள்.

1914ஆம் ஆண்டு, இங்கிலாந்திலே மான்செஸ்டர் நகரம். ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். அடியில் தங்கிய சேற்றை வீசி எறியாமல் வைத்திருந்து, அதன்மேல் புதுச் சாக்கடை நீரை ஊற்றி, மறுபடியும் காற்றைச் செலுத்தினார்கள். முதலில் வாரக்கணக்கில் பிடித்த வேலை, பிறகு சில மணி நேரத்தில் முடிந்தது! காரணம், அந்தச் சேற்றிலே கோடானுகோடி நுண்ணுயிர்கள். காற்று கிடைத்ததும் பல்கிப் பெருகி, நீரிலுள்ள மலத்தையும் மக்கையும் தின்று தீர்க்கின்றன. நாம் ‘சீ’ என்று ஒதுக்கிய சேறுதான் நீரைக் கழுவிற்று! இன்றைக்கு உலகத்து நகரங்களில் மிகப் பலவும் நம்பியிருப்பது அந்த முறையைத்தான்.

அப்படித் தெளிந்த நீர், கோயம்பேட்டில் மணல் வடிகட்டி வழியே போகிறது. பிறகு, தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத துளைகள் கொண்ட சவ்வுகள். அடுத்து, உங்கள் வீட்டிலும் தெரிந்த பெயர் — ஆர்.ஓ. உப்பைப் பின்னே நிறுத்தி நீரை மட்டும் முன்னே விடும் மெல்லிய தோல் அது. 1960ஐ ஒட்டி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அந்தத் தோலைப் பயனுக்குக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் லோப். இன்னொருவர், நம் நாட்டிலிருந்து சென்ற சௌரிராஜன். கடைசியாக, மிஞ்சிய கிருமியைக் கொல்ல ஓசோன்.

ஆப்பிரிக்காவிலே, நமீபியாவின் விந்துக் நகரத்தார், தூய்மை செய்த கழிவு நீரை 1968 முதல் குடிநீரோடே சேர்த்து வருகிறார்கள். சிங்கப்பூர் அதற்கு ‘நியூவாட்டர்’ என்று பெயரே சூட்டிவிட்டது. அவர்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா? இருக்கிறது. மூக்கை நம்பாமல் அளவுகோலை நம்பினார்கள்!

பிறந்த இடத்தைப் பார்த்து மனிதனைத் தள்ளி வைத்த நாடு இது. அந்தப் பழக்கம் நீரையும் விடவில்லை. ‘எங்கே பிறந்தாய்?’ என்று நீரைக் கேட்காதீர்கள். ‘இப்போது உன்னிடம் என்ன இருக்கிறது?’ என்று கேளுங்கள்.

கேட்டால்தான் அடுத்த செய்தி புரியும். நாற்றமடிக்கும் மலத்தை நுண்ணுயிர் தின்றுவிடும். நாற்றமே இல்லாத நஞ்சை எது தின்னும்?

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையின் முதல் கார் உருண்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை எழுந்தது. அவற்றுக்கு முன்னும் பின்னும் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ ஆலைகள், உதிரிபாகப் பட்டறைகள். வண்ணம் பூசுவதற்கு முன்னே, துருப்பிடிக்காதிருக்க, காரின் உடலைத் துத்தநாகப் பாஸ்பேட்டுக் கரைசலில் முக்குவார்கள்; அதிலே நிக்கலும் மாங்கனீசும் உண்டு. இயந்திரத்தைக் கழுவினால் எண்ணெய். வண்ணக் கூடத்தில் வண்ணக் கசடு. முலாம் பட்டறையிலே குரோமியம். உலோகத்தை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது தோழர்களே! அது அழிவதில்லை; இடம்தான் மாறும்.

ஆனால் அதைப் பிடித்து நிறுத்த வழி உண்டு. அந்தக் குரோமியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு முகம். ஆறிணைதிறன் குரோமியம் என்பது கொடியது. நீரில் கரைந்து மஞ்சளாக ஓடும். புற்றுநோயை உண்டாக்க வல்லது. மூவிணைதிறன் குரோமியம் என்பது அத்தனை கொடியதல்ல. தொட்டியிலே அமிலம் விட்டு, சோடியம் மெட்டாபைசல்பைட்டைக் கலந்தால், மஞ்சள் பச்சையாகும், கொடியது அடங்கியதாகும். பிறகு சுண்ணாம்பைச் சேர்த்தால், கரைந்திருந்தது பச்சைக் கசடாகத் திரண்டு அடியில் உட்காரும். மேலே தெளிந்த நீர், கீழே கசடு. சுண்ணாம்பும் ஒரு மூட்டை மருந்தும், கவனமுள்ள ஓர் ஆளும் போதும்!

அரசு விதித்த அளவு என்ன? வெளியேறும் ஒரு லிட்டர் நீரிலே ஆறிணைதிறன் குரோமியம் 0.1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அதாவது கோடியில் ஒரு பங்கு! எண்ணெய்ப் பசை 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. நுண்ணுயிர் தின்னும் அழுக்கை அளக்கிறார்களே, அந்த பி.ஓ.டி. என்ற அளவு ஆற்றில் விடும் நீரில் 30ஐத் தாண்டக் கூடாது. 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1982இல் தமிழ்நாட்டுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. சட்டம் இருக்கிறது, வாரியம் இருக்கிறது, சுண்ணாம்பும் கடையில் இருக்கிறது. பிறகு எதனால் கேடு?

மருந்துக்குப் பணம் வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். இரண்டையும் மிச்சம் பிடிக்க நினைப்பவன் மனத்தில்தான் கேடு! பகலில் சுற்றும் சக்கரம் இரவில் நிற்கும். மழை வந்தால் மதகு திறக்கும். சோதனைக்கு ஆள் வரும் நாளில் நல்ல தண்ணீரை ஊற்றி அளவைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. பாலில் நீர் கலக்கும் பால்காரன் வித்தை!

எல்லா ஆலையும் அப்படியென்று சொல்லவில்லை. ஒழுங்காக நடத்துவோர் உண்டு. ஆனால், ஒழுங்கில்லாத ஒருவன் என்ன செய்ய முடியும் என்பதை இராணிப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 1995இல் மூடிய குரோமேட் ஆலை ஒன்று, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் குவித்து வைத்துவிட்டுப் போயிற்று. முதலாளி போனார், மலை நின்றது. மழை பெய்தால் மஞ்சள் நீர் மண்ணுக்குள் இறங்கிற்று.

பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்புச் சொன்னது: ‘கெடுத்தவனே கொடுக்க வேண்டும், கெடு வருமுன்னே தடுக்க வேண்டும்’ என்பது அதன் சாரம். உலகமெங்கும் சட்ட மாணவர் படிக்கும் தீர்ப்பு! ஆனால் 28 ஆண்டுக்கும் மேல் கழித்து, 2025 ஜனவரி 30இல், அதே பாலாற்றுக்காக அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. ஏடு சொன்னதை ஆறு கேட்கவில்லை என்றுதானே பொருள்?

மாற வழியே இல்லையா? உண்டு. திருப்பூரிலே 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் சாயமாக ஓடியதால் வந்த வினை. தொழிலாளி வயிற்றில் அடி விழுந்தது. அதை மறைக்க வேண்டாம். பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாமல் நீரைத் திருப்பி எடுக்கும் முறைக்குப் பட்டறைகள் வந்தன. மிஞ்சும் உப்பையும் பிரித்து, மறுபடி சாயத் தொட்டிக்கே எடுத்துக்கொண்டார்கள். முடியாது முடியாது என்றவர்களே செய்து காட்டினார்கள், கட்டாயம் வந்த பிறகு!

இராணிப்பேட்டையும் திருப்பூரும் தொலைவு என்று எண்ணாதீர்கள். நம் பகுதியின் சரிவைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால், பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினால், மிகுந்த நீர் எங்கே போகிறது? செம்பரம்பாக்கத்துக்கு! செம்பரம்பாக்கம் எங்கே போகிறது? சென்னையின் குடத்துக்கு! குடம் கழிந்தால் சாக்கடை. சாக்கடை தெளிந்தால் கோயம்பேட்டுக் குழாய். குழாய் திரும்பி வந்து சேருமிடம் மறுபடி நம் பேட்டை! வட்டம், தோழர்களே, வட்டம்! நள்ளிரவில் இங்கே ஒருவன் திறந்துவிடும் மதகு, நாளைக்குப் பட்டணத்துக் குழந்தையின் குவளையைத் தேடிப் போகும். அந்தக் குழந்தை உங்கள் தங்கை மகளாகவும் இருக்கலாம்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியமானது. நீரைக் கழுவினோம். கழுவிய அழுக்கு மறைந்தா போயிற்று? இல்லை. நீரிலிருந்து கசடுக்கு இடம் பெயர்ந்தது. தெளிந்த நீரை விழா எடுத்துக் காட்டுவார்கள். கசடை யாரும் காட்ட மாட்டார்கள். அந்தக் கசடு யார் தலையில் விழுகிறது?

2015 ஜனவரி 31. விடியாத நேரம். இராணிப்பேட்டை சிட்கோ பேட்டையில், தோல் ஆலைகளுக்கான பொதுக் கழிவு நீர் நிலையம். கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் நஞ்சுச் சேறு பாய்ந்தது. பத்து உயிர் போயிற்று! பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். நீரைக் காப்பாற்றக் கட்டிய நிலையம் அது! ஆற்றில் விடாமல் பிடித்து வைத்தது பிழையல்ல. பிடித்ததைப் பத்திரமாக வைக்கவில்லை, அதுதான் பிழை. விலை கொடுத்தவன் முதலாளியா, அதிகாரியா? பாயில் படுத்திருந்த பாட்டாளி!

தொட்டிக்குள்ளும் அதே கதை. கழிவு நீர்த் தொட்டியில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும். அளவு மிகுந்தால் நாற்றமே தெரியாது. மூக்கின் உணர்வையே அது கொன்றுவிடும். ‘நாற்றம் போய்விட்டது’ என்று இறங்குபவன் ஏறுவதில்லை. அவனைத் தூக்க இறங்குபவனும் ஏறுவதில்லை. மூக்கை நம்பாதீர்கள் என்று முதலில் ஏன் சொன்னேன், தெரிகிறதா? காப்பு இல்லாமல் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் மனிதனை இறக்கக் கூடாதென்று 2013இல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறங்கிச் செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்றது உச்ச நீதிமன்றம் 2014இல். முப்பது லட்சம் என்றது 2023இல். தொகை ஏறிற்று. இறங்குவது நின்றபாடில்லை!

ஆகவே தோழர்களே, அடுத்த தொழிற்சங்கக் கூட்டத்தில், போனசுக்கும் படிக்கும் கோரிக்கை வைக்கும்போதே, நான்கு கேள்வியையும் எழுதி வையுங்கள்.

ஒன்று: நம் ஆலையின் இ.டி.பி. இரவிலும் ஓடுகிறதா? மின்சார மீட்டர் பொய் சொல்லாது. அதைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு: வெளியேறும் நீரில் என்ன அளந்தார்கள், எவ்வளவு வந்தது? வாயிலில் பலகையில் எழுதச் சொல்லுங்கள்.

மூன்று: கசடு எங்கே போகிறது? கும்மிடிப்பூண்டியில் அதற்கென்றே காப்புள்ள புதைகுழி இருக்கிறது. லாரி அங்கேதான் போயிற்றா, ஏரிக்கரையில் கவிழ்ந்ததா? ரசீது கேளுங்கள்.

நான்கு: தொட்டிக்குள் யாரை இறக்குகிறார்கள்? வாயுவை அளந்தார்களா? முகமூடி உண்டா, கயிறு உண்டா, மேலே ஆள் உண்டா? அவன் ஒப்பந்தக்காரனின் ஆளாக இருக்கலாம், அயல்மொழி பேசலாம், சங்கத்தில் பெயர் இல்லாதிருக்கலாம். இருந்தாலும் அவன் நம் ஆள்!

அந்த இளைஞரிடமும் இதைத்தான் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: “அண்ணே, எங்க இ.டி.பி.யிலே ரெண்டு வடநாட்டுப் பசங்க வேலை செய்யறாங்க. அவங்க பேருகூட எனக்குத் தெரியாதே...”

“நாளைக்குக் கேள் தம்பி” என்றேன். “அவர்கள் பெயரிலிருந்து தொடங்கு.”