கண்டதை எழுதிய ஏடு எங்கே?

சிம்மக்கல் தேநீர்க் கடையிலே ஒரு வழக்கு. "எங்கள் காலத்திலே வைகையில் கை விட்டால் மீன் தட்டும், தம்பி" என்கிறார் பெரியவர். "நான் பிறந்த நாளாய் மணலைத்தானே பார்க்கிறேன், அய்யா" என்கிறான் இளைஞன். இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கண்டதை எழுதி வைத்த ஏடு இருவர் கையிலும் இல்லை. ஏடு இல்லாத வழக்கு எந்த மன்றத்திலே நிற்கும்?

இது வெட்டிப் பேச்சன்று, தோழர்களே! ஆறு வற்றினால் முதலில் வேலை இழப்பவன் உழவுக் கூலி. காடு அழிந்தால் முதலில் தவிப்பவன் மலைவாழ் ஏழை. இயற்கையின் கணக்கு நம்முடைய கணக்கு.

ஒருநாள் கூலியைப் பார்த்து ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்லிவிட முடியுமா? பத்தாண்டுக் கூலியையும் பத்தாண்டு அரிசி விலையையும் பக்கத்திலே வைத்தால்தானே ஏறினோமா, இறங்கினோமா என்பது விளங்கும்? காட்டுக்கும் அதே நீதிதான்.

முதுமலையிலே அப்படி ஒரு கணக்கு உண்டு. 1988ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார், ராமன் சுகுமார் தலைமையில், 50 எக்டேர், அதாவது ஏறத்தாழ 123 ஏக்கர் காட்டை அளந்து கட்டம் போட்டனர். ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கன்று முதல் ஓங்கிய மரம் வரை 25,000க்கு மேற்பட்டவற்றுக்கு எண் கொடுத்தனர். எது செத்தது, எது புதிதாய் வளர்ந்தது என்று ஆண்டுதோறும் சென்று குறித்தனர். காட்டை வீடுபோல் அறிந்த பழங்குடி மக்களின் உழைப்பும் அதிலே உண்டு.

கண்டது என்ன? தொடக்க ஆண்டுகளில் யானை தின்றது. 1989 முதல் 1996 வரை பலமுறை தீ பரவியது. மரங்களின் தொகை சரிந்தது. அன்றோடு ஏட்டை மூடியிருந்தால் "காடு செத்தது" என்று எழுதியிருப்பர். பின்னர் தீ ஓய்ந்த ஆண்டுகளில் கன்றுகள் மீண்டும் தலைதூக்கின. அதை மட்டும் பார்த்தவனோ "காட்டுக்கு ஒரு குறையும் இல்லை, எரியட்டும்" என்பான். இரண்டும் பொய். நீண்ட கணக்கு ஒன்றே மெய்!

அந்த மெய்க்கு வலிமையும் உண்டு. அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டிலே 1963 முதல் மழைநீரை விடாது சோதித்தார்கள். ஆலைப் புகை அமில மழையாய் இறங்குவது அம்பலமாயிற்று. 1990இல் அந்நாட்டுத் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தக் கணக்கும் சான்றாக நின்றது. ஏழையின் கண்ணீரை மறுக்கத் துணிந்தவர்களாலும் ஏட்டை மறுக்க முடியவில்லை.

நாம் கேட்பது இதுதான். வைகை அணையில் நீர்மட்டம் நாள்தோறும் குறிக்கப்படுகிறது. அதே ஒழுங்கோடு ஆற்றின் மீனுக்கும் பறவைக்கும் கரைமரத்துக்கும் ஐம்பதாண்டு ஏடு திறக்கட்டும். ஆட்சி மாறினாலும் அந்த ஏடு மூடப்படாதிருக்கட்டும். அளக்கும் கைகளுக்கு நிலையான வேலையும் நியாயமான கூலியும் கிடைக்கட்டும்.

நாளை நம் பேரன் இதே சிம்மக்கல் கடையிலே வழக்குரைப்பான். அன்று அவன் கையிலாவது ஏடு இருக்க வேண்டாமா?