வெங்காயம் சிவக்கும் இடம்: கிடார் ஆம்ப் எப்படி இயங்குகிறது?

ஆனேக்கல், சந்தாபுரா, அத்திப்பள்ளி என்று பெங்களூரின் தெற்கு ஓரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு கிடார் வாசிக்கிறவர்களின் தேவை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ வேலை முடிந்து வந்து, இரவில் பத்துக்குப் பத்து அறையில் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். ஞாயிறு காலை சர்ச்சில் வாசிக்க வேண்டும். எப்போதாவது ஒரு கஃபே மேடை, ஒரு கல்யாண வரவேற்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆம்ப் வாங்கத்தான் பணம் இருக்கும். கடைக்குப் போனதும் "எத்தனை வாட்?" என்ற பேச்சுதான் முதலில் எழும். பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கினால், வீட்டில் ஒருநாளும் முழுதாகத் திறக்க முடியாத ஒரு பெட்டி மூலையில் உட்கார்ந்திருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது புரியும். அதைச் சமையலறையில் நின்று பார்ப்பதுதான் எளிது.

கிடாரிலிருந்து வருவது பச்சை வெங்காயம். எஃகுக் கம்பி அதிரும்போது பிக்கப்பின் காந்தப்புலம் கலைகிறது. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக ஓடும் மெல்லிய செம்புக் கம்பியில் அதனால் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, ஓங்கி அடித்தால் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்க இது போதாது.

ஆம்புக்குள் இது முதலில் போய் விழுவது ப்ரீஆம்ப் என்ற சின்ன வாணலியில். கெயின் குமிழ் அந்த வாணலியின் சூடு. பாஸ், மிடில், ட்ரெபிள் என்ற மூன்றும் உப்பு, புளி, காரம். அடுத்தது பவர் ஆம்ப். அது பெரிய அடுப்பு; வாணலியில் தயாரானதை ஊருக்கே போடும் அளவுக்குப் பெருக்குவது அதன் வேலை. வாட் என்பது இந்தப் பெரிய அடுப்பின் தீயைக் குறிக்கிறது. கடைசியில் ஸ்பீக்கர். மண்சட்டி குழம்புக்குத் தன் வாசனையைச் சேர்ப்பதுபோல ஸ்பீக்கரும் தன் குணத்தைச் சேர்க்கும்.

கிடார்காரர்கள் உயிரை விடுவது வெங்காயம் சிவக்கும் கட்டத்துக்காக. சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் வெங்காயத்தில் பச்சையாக இருந்தபோது இல்லாத மணங்கள் பிறக்கின்றன. ஆம்பிலும் அப்படியே. தாங்கும் எல்லைக்கு மேல் சிக்னல் வந்தால் அலையின் உச்சி மழுங்குகிறது. மழுங்கிய அலையில், கம்பியில் இல்லாத புதிய மேற்சுரங்கள் சேர்கின்றன. ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் என்று சொல்வதெல்லாம் இதுதான். டியூப் (வெற்றிடக் குழாய்) ஆம்பில் உச்சி மெதுவாக வளைகிறது; வெங்காயம் படிப்படியாகப் பொன்னிறமாகும். சாதாரண டிரான்சிஸ்டர் சுற்றில் உச்சி சட்டென்று வெட்டுப்படுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் கருகிவிடும். இன்றைய டிஜிட்டல் ஆம்புகள் அந்த மெதுவான வளைவைக் கணக்குப் போட்டு உருவாக்குகின்றன. பத்து வருடங்களுக்கு முன்பு இதை நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன். இப்போது அவை நன்றாகவே செய்கின்றன.

பழைய ஆம்புகளில் வாணலிக்கும் பெரிய அடுப்புக்கும் தனித்தனித் திருகு கிடையாது. ஃபெண்டரின் பாஸ்மேனை முன்மாதிரியாக வைத்து லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962இல் உருவான ஜேடிஎம்45ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெங்காயம் சிவக்க வேண்டுமானால் பெரிய அடுப்பையே கொளுத்தியாக வேண்டும். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். 1975இல் மார்ஷல் மாஸ்டர் வால்யூம் வைத்த 2203ஐக் கொண்டுவந்தது. சின்ன வாணலியில் நன்றாகச் சிவக்க வறுத்து, பரிமாறும் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளலாம் என்றானது. அதே 1975இல் ரோலண்ட் நேர்எதிர்த் திசையில் போய் ஜேசி-120ஐ வெளியிட்டது. 120 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், டியூப் கிடையாது. எவ்வளவு தீ வைத்தாலும் வெங்காயம் வெள்ளையாகவே இருக்கும். அந்தத் தெளிவுக்காகவே இன்றும் அதைத் தேடுகிறார்கள். ஆனால் 28 கிலோ பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துச் சந்தாபுரா கூட்டுரோட்டைத் தாண்டுவது நடக்கிற காரியமில்லை.

இப்போது வாட் கணக்குக்கு வருவோம். தீயை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது; 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் விலைச்சீட்டில் தெரிகிற அளவு காதில் தெரியாது. ஒரு நல்ல 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், 97 முதல் 100 டெசிபெல் வரை கொடுக்கும். அரை வாட்டை முழுதாகத் திறந்தாலும் அதைவிட 3 டெசிபெல்தான் குறையும். ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த வரம்பு பகலில் 55, இரவு பத்துக்கு மேல் 45 டெசிபெல். வீட்டுக்காரர் மாடியில் படுத்திருக்கும் வீட்டில் அரை வாட்டே அதிகம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "இந்த ஆம்பில் வெங்காயம் எந்தச் சத்தத்தில் சிவக்கிறது?" 15 வாட் டியூப் ஆம்பான ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் அருமையான பெட்டி. ஆனால் அதன் பெரிய அடுப்பு ருசி கொடுக்கத் தொடங்கும் இடம் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும் இடம். தனி வீடு இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வாடகை வீட்டுக்கு, தீயைச் சிம்மில் வைக்கும் சுவிட்ச் உள்ளதைத்தான் நான் சொல்வேன். பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50 இதற்கு நல்ல உதாரணம்: அரை வாட், 25, 50 என்று மூன்று நிலை, 12 அங்குல ஸ்பீக்கர், யுஎஸ்பி, ஹெட்ஃபோன் துளை. மேடையே வேண்டாம், பதிவு மட்டும் போதும் என்றால் யமஹா 2011இல் தொடங்கிய டிஹெச்ஆர் வரிசை மேசைமேல் வைக்க அடக்கமானது. ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜிஎக்ஸ் 3 வாட், 5 அங்குலம், ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும்; கரண்ட் போன மாலையிலும் வாசிக்கலாம். டிரம்ஸ் முன்னால் மட்டும் அது எடுபடாது.

பதிவுக்கு இரண்டு வழி. ஷுர் எஸ்எம்57 போன்ற மைக்கை ஸ்பீக்கர் துணியை ஒட்டி வைப்பது ஒன்று. கூம்பின் நடுவில் வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மிருது. அரை அங்குலம் நகர்ந்தாலே ஒலி மாறும். எந்தக் குமிழும் செய்யாத வேலை இது. இரண்டாவது வழி யுஎஸ்பி. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிடார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மண்சட்டி இல்லாமல் வாணலியிலிருந்து நேரே பதிவு செய்தால் அந்த விழுங்கல் நடக்காது. டிஸ்டார்ஷன் காதைக் கீறும். மண்சட்டியின் வேலையைப் போலச்செய்யும் கேபினெட் சிமுலேஷன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இதனால்தான்.

சின்ன மேடையில் கூட்டத்துக்குக் கேட்க வைப்பது ஆம்பின் வேலை இல்லை, பி.ஏ. சிஸ்டத்தின் வேலை. ஆம்ப் டிரம்ஸுக்கு ஈடு கொடுத்தால் போதும். அதற்கு 50 வாட் டிரான்சிஸ்டரோ 15 வாட் டியூபோ தாராளம். ஆம்பை ஒரு நாற்காலிமேல் ஏற்றிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். உயர்சுரங்கள் நேர்கோட்டில் போகும். தரையில் வைத்தால் முழங்காலுக்குத்தான் கேட்கும், நீங்கள் ட்ரெபிளைக் கூட்டுவீர்கள், முன்வரிசைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். வீட்டில் வைத்த டோன் மேடைக்கு ஒத்துவராது என்பதும் நினைவிருக்கட்டும். மெல்லிய சத்தத்தில் காது பாஸைக் குறைவாகத்தான் வாங்கும், அதனால் வீட்டில் பாஸைக் கூட்டியிருப்போம். மேடையில் அதே அளவு சாதத்தைவிடக் குழம்பு அதிகமான கதைதான்.

கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிடார் பிரசன்னா எலெக்ட்ரிக் கிடாரில் கமகங்களை இழைக்கும்போது ஒரே மீட்டலில் சுரம் நீண்டு நிற்க வேண்டியிருக்கிறது. வெங்காயம் லேசாகக் கண்ணாடிப் பதத்துக்கு வதங்கிய நிலை, அதாவது சிவப்பதற்குச் சற்று முன்னால், இதற்கு உதவும். அங்கே ஆம்ப் தானாகவே சத்தத்தைச் சமன் செய்து சுரத்தை நீட்டுகிறது. முழுதாகச் சிவக்கவிட்டால் நுண்ணிய அசைவுகள் கரைந்துபோகும். சர்ச்சில் செமி அக்கூஸ்டிக் மட்டும் வாசிப்பவர்களுக்கு வதக்கலே வேண்டாம். ட்வீட்டர் உள்ள அக்கூஸ்டிக் ஆம்ப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து அண்ணனோ மாமாவோ ஆம்ப் கொண்டுவருவதாகச் சொன்னால் பின்பக்கச் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகியதும் போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டிவரும். ஓயாமல் ஹம் வந்தால் எர்த்தைச் சோதியுங்கள். ஹம் போகட்டும் என்று எர்த் பின்னை ஒடிப்பவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டியூப் ஆம்புக்குள் முந்நூறு நானூறு வோல்ட் ஓடுகிறது, உங்கள் விரல்கள் கம்பியில் இருக்கின்றன.

கடைக்கு உங்கள் கிடாரையே எடுத்துப் போங்கள். குமிழ்கள் அனைத்தையும் நடுவில் வைத்து, முதலில் வீட்டில் வாசிக்கும் சத்தத்தில் பத்து நிமிடம் வாசியுங்கள். அந்தச் சத்தத்தில் பிடிக்காத ஆம்ப் வீட்டிலும் பிடிக்காது. பிறகு கடைக்காரரிடம் கேட்டு முழுதாகத் திறந்து, நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் வாசல்வரை நடந்துபோய்க் கேளுங்கள். கடைசியாக ஹெட்ஃபோனைச் செருகி, ஸ்பீக்கரில் கேட்டதற்கு அது எவ்வளவு நெருங்கி வருகிறது என்று பாருங்கள். வாங்கியபின் வாரத்தில் ஐந்து இரவு நீங்கள் கேட்கப்போவது அதைத்தான்.